சேலை மாற்றி வந்த காய்ச்சல்

மாரியாயி என்று பெயர் வைத்தது, அம்மை வரக் கூடாது என்பதற்காக. ஆறு வயதில் வந்தது. முகம், கழுத்து, முன்கை என்று ஓரிடம் விடாமல் முத்துப் போட்டுவிட்டு, உயிரை மட்டும் வேண்டாமென்று விட்டுப் போயிற்று. பெற்றோர் இதில் அம்மன்மேல் எந்தக் குறையும் காணவில்லை. பெயர் வைத்ததால்தான் பிள்ளை பிழைத்தது என்றார்கள். அம்மை வராமலே இருந்திருந்தால், பெயர் வைத்ததால்தான் வரவில்லை என்றிருப்பார்கள். இப்படி எந்தப் பக்கம் விழுந்தாலும் ஜெயிக்கிற நம்பிக்கையில் வளர்ந்த பெண், பின்னாளில் தன் நம்பிக்கை ஒன்றையே தெருத்தெருவாகப் போய்ச் சோதித்துப் பார்த்தாள் என்பது கொஞ்சம் விசித்திரம்தான்.

கிள்ளானிலிருந்து காப்பார் போகிற சடக்குச் சாலையில், ஏழாவது மைல்கல்லை ஒட்டி ஒரு ரப்பர் தோட்டம். துரைமார் அதற்கு ஏதோ ஓர் ஆங்கிலப் பெயர் வைத்திருந்தார்கள். சனங்களுக்கு அது ஏழாங்கட்டைத் தோட்டம். மாரியாயி புருஷனோடு கப்பலேறி அங்கே வந்து சேர்ந்தாள். இரண்டாம் ஆண்டே அவனைப் பாம்புக்குக் கொடுத்தாள். மிஞ்சியது புஷ்பவல்லி என்ற மகள். தாய் புல் வெட்டினாள்; வளர்ந்தபின் மகள் ரப்பர் மரத்தில் பால் வெட்டினாள்.

தோட்டத்தில் மாரியாயிக்கு ஒரு தனி மரியாதை உண்டு. ஆனால் அது எப்போதும் கிடைக்காது. கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தில் யாருக்காவது அம்மை போட்டால் மட்டும் கிடைக்கும். சொந்தக்காரர்கள் எல்லாரும் வாசலோடு நின்றுகொள்ள, தழும்பு முகங்களைத் தேடிப் போய் அழைத்து வருவார்கள். ஒருமுறை வந்து போன வீட்டுக்கு ஆத்தா மறுபடி வரமாட்டாள். ஆகவே முத்து வாங்கினவர்கள்தான் பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலை வீசலாம், கூழ் ஊட்டலாம், துணி மாற்றலாம். கல்யாணப் பந்தலில் ஓரமாக நிற்கச் சொன்ன முகத்தை, அம்மை வீட்டில் முன்னால் வரச் சொன்னார்கள். மாரியாயி இதை நினைத்து அழுததில்லை. சிரித்திருக்கிறாள்.

அந்தத் தோட்டத்தில் லயங்கள் இரண்டு வரிசை. மேட்டு லயத்துக்குப் பக்கிரிசாமி கங்காணி. பள்ளத்து லயத்துக்குக் கன்னையா கங்காணி. நடுவில் ஒரு வடிகால், அதன்மேல் ஒரு பலகை. 1918ஆம் ஆண்டு திருவிழாவில், கரகம் முதலில் எந்த லயத்து வாசலில் நிற்க வேண்டும் என்று சண்டை வந்தது. கரகம் கடைசியில் வடிகால் ஓரத்திலேயே இரண்டு மணி நேரம் நின்றது. மறுநாள் கன்னையா பலகையை எடுத்துவிட்டார். அன்று முதல் இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கம் போவதில்லை. கிணறு தனி, கடைக்குப் போகிற நாள் தனி, பால் வெட்டுகிற காடும் தனி. பிள்ளைகளின் விளையாட்டுக்குக்கூடக் காவல் போட்டார்கள். இவ்வளவு ஒழுங்காக ஒரு காரியத்தைத் தோட்டத்தில் வேறு யாரும் செய்ததில்லை.

ஜூலை மாதம் பக்கிரிசாமியின் ஆட்கள் நாலு பேர், அரிசி மூட்டை ஏற்றி வர மாட்டு வண்டியோடு ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்துக்குப் போய் வந்தார்கள். மூன்றாம் நாள் நாலு பேரும் படுத்தார்கள். ஒரு வாரத்தில் மேட்டு லயத்தில் வீட்டுக்கு இருவர் மூவர் என்று சுருண்டு கிடந்தார்கள். முதுகுவலி, கண்ணெரிச்சல், தலை தூக்க முடியாத காய்ச்சல். மூன்று நாள், பிறகு ஒன்றுமில்லை. காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டில் கணக்குக் கிராணி பெயர் கூப்பிட்டால் ஆளுக்குப் பதிலாக இருமல்தான் வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்டிருந்த டிரஸ்ஸர் சீவரத்தினம் யாழ்ப்பாணத்தவர்; மலேரியாவைப் பார்த்துப் பார்த்து அலுத்தவர். எல்லாருக்கும் மலேரியா மருந்தான கொயினா கொடுத்தார். கொயினா ஒன்றும் செய்யவில்லை, எல்லாரும் பிழைத்துக்கொண்டார்கள், ஆகையால் கொயினாவுக்கு நல்ல பெயர் வந்தது.

வடிகாலுக்கு அந்தப் பக்கம் ஒரு தும்மல்கூட இல்லை. அவர்களுக்கு இது பெரிய வேடிக்கை. கன்னையா கரையோரம் வந்து நின்று கூவினார்: "என்னா பக்கிரி, உன் ஆளுங்க மூக்குச் சிந்தறதுக்கும் தொர கூலி குடுக்குறாரா?"

"உன் மூக்கு சிந்த ஒரு நா வரும்டா. அன்னிக்கி வந்து கேளு!" என்றார் பக்கிரிசாமி, போர்வைக்குள்ளிருந்து.

வாய்க்கு வந்ததைச் சொன்னாரே தவிர, சாபமெல்லாம் இல்லை. ஆனால் பின்னால் பலர் அதை அப்படித்தான் நினைவு வைத்துக்கொண்டார்கள்.

மேட்டு லயத்து மாரியாயியும் புஷ்பவல்லியும் அந்த மூன்று நாள் காய்ச்சலில் படுத்து எழுந்தவர்கள்.

அக்டோபரில், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரம், பள்ளத்து லயத்தில் கன்னையாவின் தம்பி மகன் படுத்தான். இருபத்திரண்டு வயது. ஒரே ஆளாக இரண்டு மூட்டை தூக்குகிறவன். மூன்றாம் நாள் உதடு நீலம் பாய்ந்து, மூக்கில் ரத்தம் வந்து, நாலாம் நாள் செத்தான். கிழவர்களையும் குழந்தைகளையும் தேடிப் போகிற நோயைத்தான் அதுவரை எல்லாரும் பார்த்திருந்தார்கள். இது வாட்டசாட்டமான ஆட்களாகப் பார்த்து எடுத்தது. அந்த வாரத்துக்குள் பள்ளத்தில் பதினொரு வீட்டில் அடுப்பு எரியவில்லை. மூட்ட எழுந்திருக்கிறவர் யாருமில்லை. டிரஸ்ஸரும் படுத்துவிட்டார். ஜூலையில் அவருக்கு ஒன்றும் வந்திருக்கவில்லை.

மாரியாயி டிரஸ்ஸர் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று கேட்டாள்: "ஐயா, இது ஆடியில எங்களுக்கு வந்ததுதானுங்களே?"

"விசர்க் கதை கதையாதை," என்றார் சீவரத்தினம் கட்டிலிலிருந்து. "அது மூண்டு நாளில போனது. இது மூண்டு நாளில கொல்லுது. ரெண்டும் எப்பிடி ஒண்டாகும்?"

"தொடக்கம் ஒண்ணுங்கய்யா. அதே முதுகுவலி, அதே கண்ணெரிச்சல். கோவந்தான் வேற. ஆளு அவதான்."

"ஆர் அவ?"

"பேரு தெரியல. அம்மைக்காரிக்குத் தங்கச்சியா இருக்கும். மேட்டுல பாத்தீங்களா? ஆடியில படுத்த ஒருத்தருக்கும் இப்ப ஒண்ணுமில்ல."

சீவரத்தினம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இருமினார். அம்மை குத்தினவனுக்கு ஏன் அம்மை வருவதில்லை என்று அவர் பாடம் படித்தவர். கேட்ட கேள்வி தப்பில்லை என்று அவருக்குத் தெரியும். கேட்ட ஆள் புல்வெட்டுக்காரி என்பதுதான் இடித்தது.

மறுநாள் காலைப் பெரட்டில், கிராணி வருவதற்கு முன்பே மாரியாயி நடுவில் போய் நின்றாள். ஆடியில் காய்ச்சல் வந்து எழுந்தவர்கள் மட்டும் இந்தப் பக்கம் வாருங்கள், பள்ளத்துக்குப் போய்க் கஞ்சி ஊற்ற வேண்டும் என்றாள்.

யாரும் அசையவில்லை. பக்கிரிசாமி வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "பலகைய எடுத்தவன் அவன். தேவைன்னா அவனே போடட்டும்."

"அவரு படுத்த படுக்கையா கெடக்குறாரு அண்ணே. எங்க எந்திரிச்சிப் பலகை போடுறது?"

"சரி, போறோம். போயி எங்களுக்கும் ஒட்டிக்கிச்சின்னா? நீ பொறுப்பா? முத்துப் போட்டா ஆத்தான்னு சொல்லலாம். இது முத்தே போடலியே. இவ ஒருக்கா வந்தா மறுக்கா வரமாட்டான்னு உனக்கு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. அதுதான் உண்மை. அம்மை வீட்டு வழக்கத்தை எடுத்து, அம்மை அல்லாத ஒன்றுக்கு அவளே அளந்து பார்த்திருந்தாள், அவ்வளவுதான். தப்பாக இருந்தால் மேட்டு லயத்தையும் சேர்த்துக் கொன்றவள் ஆவாள்.

"என் மகள மொதல்ல விடுறேன்," என்றாள் மாரியாயி. "எனக்கு இருக்குறது அவ ஒருத்திதான், தெரியுமில்ல? மூணு நாளு பாருங்க. அவ படுத்தா என் சொல்லு பொய்யி. ஒருத்தரும் வர வேணாம்."

புஷ்பவல்லியிடம் யாரும் கேட்கவில்லை. அவள் கஞ்சி வாளியைத் தூக்கிக்கொண்டு, தாய்க்கு முன்னால் வடிகாலில் இறங்கி நடந்தாள். தண்ணீர் முழங்கால் அளவுதான். ஐந்து மாதமாகத் தாண்ட முடியாததாக இருந்த தண்ணீர்.

மூன்றாம் நாள் நண்பகல், கன்னையாவின் வீட்டில் ஈரத்துணி பிழிந்துகொண்டிருந்த புஷ்பவல்லி, "தல வலிக்குதும்மா" என்றாள். மாரியாயி கழுத்தில் கை வைத்தாள், சுட்டது. அன்று மாலை வரை அவள் செய்ததெல்லாம் மகளின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான். எப்போது நீலமாகும் என்று. உதடு கறுத்தது போலவும் தோன்றியது, இல்லை போலவும் தோன்றியது. பொழுது விடிந்ததும் புஷ்பவல்லி எழுந்து உட்கார்ந்து, கருவாடு இருக்கிறதா என்று கேட்டாள்.

அந்தக் கருவாட்டுக்குப் பிறகு மேட்டு லயத்திலிருந்து பதினாறு பேர் இறங்கி வந்தார்கள். பக்கிரிசாமியும் வந்தார். கன்னையாவுக்குக் கஞ்சி ஊற்றியது அவர்தான். ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு வசவு வைத்து ஊற்றினார். காய்ச்சல் வராத மேட்டு ஆட்களை, கூடப் பிறந்தவன் வீடாக இருந்தாலும் மாரியாயி உள்ளே விடவில்லை. பதினாறு பேரில் மூவருக்கு ஒருநாள் உடம்பு சுட்டது. ஒருவரும் சாகவில்லை. பள்ளத்தில் நூற்று நாற்பது பேரில் பத்தொன்பது பேர் போனார்கள். மேட்டில் மூன்று பேர். மூவரும் ஆடியில் தப்பித்தோம் என்று பெருமை பேசியவர்கள்.

ஆக, ஜூலையில் பள்ளத்து லயத்தைக் காப்பாற்றிய சண்டைதான் அக்டோபரில் அவர்களைக் கொன்றது. காய்ச்சலை வெளியே நிறுத்திய வடிகால், காய்ச்சல் கற்றுத்தருகிற பாடத்தையும் வெளியே நிறுத்திவிட்டது. இதை அன்றைக்குப் புரிந்துகொண்டவர் டிரஸ்ஸர் ஒருவர்தான். எழுந்து நடமாட ஆரம்பித்ததும் வீடு வீடாகப் பெயர் எழுதி, ஆடியில் படுத்தவர் யார், ஐப்பசியில் படுத்தவர் யார் என்று கோடு போட்டு, மேலிடத்துக்கு ஒரு நீண்ட கடிதம் அனுப்பினார். பதில் வரவில்லை. துரையிடம் சொன்னார். துரை யோசித்து, மேட்டில் காற்று நல்லது என்று முடிவு செய்து, அடுத்த லயத்தை மேட்டிலேயே கட்டச் சொன்னார். அடுத்த ஆண்டுத் திருவிழாவில், பிழைத்தவர்கள் எல்லாரும் கூடிக் கரகச் சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

மாரியாயிக்கு ஆஸ்பத்திரியிலேயே வேலை கிடைத்தது. புஷ்பவல்லியை 1921இல் நகரத்துப் பிரிக்பீல்ட்ஸில் தையற்கடை வைத்திருந்த வாசுவுக்குக் கட்டிக்கொடுத்தாள். ரயில்வே ஆட்களுக்குக் காக்கி தைப்பது அவன் தொழில். மூன்றாண்டு கழித்துச் சீவரத்தினம் ஓய்வுபெற்று பிரிக்பீல்ட்ஸில் குடியேறியபோது, தோட்டத்தில் இனி யாரிடம் கேள்வி கேட்பது என்று மாரியாயியும் மகள் வீட்டுக்கே வந்துவிட்டாள். வெளியே சொன்ன காரணம், பேரப்பிள்ளைகள்.

கதை அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. ரயில்வே லயங்களில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் "ஏழாங்கட்டை அம்மாவைக் கூப்பிடு" என்றார்கள். தாயும் மகளும் போனார்கள். ஒன்றும் வரவில்லை. நடுவில் எத்தனையோ முறை இருவருக்கும் சளி பிடித்தது, தொண்டை கட்டியது; அதையெல்லாம் மாரியாயி சேர்த்துக்கொள்ளவில்லை. அது 'அவள்' இல்லையாம். வந்ததெல்லாம் அவள் இல்லை, அவள் வரவே இல்லை என்று வைத்துக்கொண்டால், எந்த நம்பிக்கையும் பத்து வருஷம் தாங்கும்.

இதுவும் தாங்கியது, 1929 வரை. அந்த ஆண்டு மழையோடு லயங்களில் காய்ச்சல் வந்தது. பக்கத்து வீட்டு இராஜம்மா ஓடிவந்தாள். அவள் அண்ணன் வீட்டில் ஐந்து பேரும் படுத்துவிட்டார்கள்.

புஷ்பவல்லிக்கு அப்போது ஏழு மாதம். வாசு கத்தரிக்கோலைக் கீழே வைத்தான். "அத்த, நீங்க போங்க. வயித்துப்பிள்ளக்காரிய கூட்டிப் போவாதீங்க."

"அவ பதினெட்டாம் வருசக் காய்ச்சலயே தாண்டுனவ மாப்ள. ஊருக்கே வந்தாலும் அவளுக்கு வராது."

"எல்லாந் தெரிஞ்ச மாதிரி பேசாதீங்க அத்த."

"தெரிஞ்சிதான் பேசுறேன். பாத்தவ நானு."

புஷ்பவல்லி பாயிலிருந்து எழுந்து வந்தாள். இந்த முறையும் அவளிடம் யாரும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் ஏறியது. ஆறாம் நாள் மாரியாயிக்கு. முதுகுவலி, கண்ணெரிச்சல், தலை தூக்க முடியாத பாரம். சந்தேகமே இல்லை, அவளேதான். வாசு மனைவியை ரிக்ஷாவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது, புஷ்பவல்லி வாசலில் படுத்திருந்த தாயைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "நீ சொன்னியேம்மா, வராதுன்னு."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம். அவள் ஆச்சரியமாகச் சொன்னாள்.

பிள்ளை எட்டாம் மாதத் தொடக்கத்திலேயே பிறந்துவிட்டது. பெண். இரண்டு கையில் அடங்குகிற அளவு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின், வாசு சட்டைத் தோளுக்கு வைக்கிற பஞ்சையெல்லாம் கொட்டி அதற்கு மெத்தை செய்தான். பிழைத்தது. புஷ்பவல்லியும் எழுந்தாள், மாடிப்படி ஏறினால் மட்டும் இரண்டு வருஷம் மூச்சு வாங்கியது. தாயை அவள் ஒரு சொல் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்குப்பின் மாரியாயி எதையாவது அடித்துச் சொன்னால், நாளைக்கு மழை வராது என்றால்கூட, மகள் திரும்பி ஒரு பார்வை பார்ப்பாள். மாரியாயி வாயை மூடிக்கொள்வாள்.

நடக்கத் தெம்பு வந்ததும் அவள் போன முதல் இடம் சீவரத்தினம் வீடு.

"ஐயா, ஒருக்கா வந்தா மறுக்கா வராதுன்னோம். வந்துடுச்சு. நான் பதினெட்டுல சொன்னது பொய்யா?"

"பொய்யெண்டால் அந்தப் பதினாறு பேரும் எப்பிடித் தப்பினவை?"

"அப்ப மெய்யா?"

"மெய்யெண்டால் உமக்கு எப்பிடி வந்தது?" பழைய டிரஸ்ஸர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தோட்டத்தில் 'நீ' என்றவர், பிரிக்பீல்ட்ஸில் 'நீர்' என்று மாறியிருந்தார். "எனக்குத் தெரியாது, மாரியாயி. சத்தியமாத் தெரியாது."

முப்பது வருஷம் வைத்தியம் பார்த்தவர் தெரியாது என்று சொல்லி அவள் கேட்டதில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது. தெரியாதென்றால் தேடலாம் அல்லவா? அடுத்த ஒரு மாதம் லயம் லயமாகப் போனாள். அம்மை வீட்டுக்காரியாக இல்லை, கேள்விக்காரியாக. "பதினெட்டுல படுத்தீங்களா? இப்பப் படுத்தீங்களா? நடுவுல?" சிலர் தேநீர் கொடுத்தார்கள். ஒருவர், இவள் வரிக்காரர் அனுப்பிய ஆள் என்று பின்கட்டு வழியாகப் போய்விட்டார். மாலையில் சீவரத்தினத்திடம் ஒப்புவிப்பாள், அவர் எழுதுவார். எழுபத்தாறு பேர். பதினெட்டில் படுத்தவர்களும் படுக்காதவர்களும் இந்த முறை ஏறக்குறைய சரிசமமாகப் படுத்திருந்தார்கள். பதினொரு வருஷத்துக்கு முந்திய காய்ச்சல் யாரையும் காக்கவில்லை.

கடிதம் எழுதலாமா என்று அவள் கேட்டாள். முதல் கடிதத்துக்கே பதில் வரவில்லை என்றார் அவர்.

பதில் 1934இல் வந்தது, வேறு யாருக்கோ எழுதப்பட்ட பதில். சீவரத்தினம் ஒரு மருத்துவ ஏட்டைச் சுருட்டிக்கொண்டு, வெயிலில் குடை பிடித்து, தையற்கடைக்கே வந்துவிட்டார். வாசு மிஷினை நிறுத்தினான். புஷ்பவல்லி பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அஞ்சு வயதுப் பஞ்சு மெத்தைக்காரி துணிக்கட்டின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"பிடிச்சிட்டினம்," என்றார் சீவரத்தினம். "லண்டனில. காய்ச்சல்காரன் தொண்டை கழுவின தண்ணியை, பக்டீரியா எதுவும் நுழைய ஏலாத வடியில வடிச்சு, கீரிப்பிள்ளை மாதிரி ஒரு பிராணி, அதின்ர மூக்கில விட்டிருக்கினம். அதுக்குக் காய்ச்சல், தும்மல், எல்லாம். பிறகு அந்தப் பிராணி ஒரு டொக்டரின்ர முகத்தில தும்மிச்சு. டொக்டர் படுத்திட்டார்."

வாசு சிரித்தான். "கீரி தும்மித் தொர படுத்தாரா? நல்லா வேணும் லா."

"சிரியாதை. வடியில தப்பி வந்ததால அது எவ்வளவு சின்னன் எண்டு தெரிஞ்சுது. பூதக்கண்ணாடியிலயும் தெரியாது. வைரஸ் எண்டு பேர்."

மாரியாயிக்கு அளவைப் பற்றி அக்கறையில்லை. "மறுக்கா ஏன் வந்துச்சுன்னு போட்டிருக்காய்யா?"

"அது போடேல்லை. ஒரு இடத்துக் காய்ச்சலும் இன்னொரு இடத்துக் காய்ச்சலும் கொஞ்சம் வித்தியாசமா இருக்குமோ எண்டு சந்தேகப்படினம். அமெரிக்காவில பண்டிக்கும் இதே மாதிரி ஒண்டு இருக்காம்."

வாசு மேசைமேலிருந்த காக்கிச் சட்டையைப் புரட்டினான்.

"வித்தியாசம் எப்பிடி வருதுன்னு எனக்குத் தெரியும்ங்க," என்றான். "அளவுச் சட்ட குடுத்துத் தைக்கச் சொல்றாங்கல்ல? நான் அதப் பாத்து ஒண்ணு தைப்பேன். அடுத்த வருசம் அவரு நான் தச்சதையே அளவுக்குக் கொண்டாருவாரு. அதப் பாத்து ஒண்ணு. ஒவ்வொரு தபாவும் நூலளவு தப்பும். தப்பினது தெரியாது. பத்தாவது சட்டையயும் மொதச் சட்டையயும் பக்கத்துல வச்சிப் பாத்தாத்தான், ஐயையோ, இது வேற ஆளு சட்டையாச்சேன்னு இருக்கும்."

மாரியாயி மருமகனைப் புதிதாகப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அவ நம்ம வீட்ட மறக்கல. நம்மதான் அவள அடையாளம் தெரியாம விட்டிருக்கோம். நம்ம உடம்புல ஒரு வாசல் காவக்காரன் இருக்கான்யா. மொகத்தப் பாக்க மாட்டான், சேலையத்தான் பாப்பான். ஆடியில வந்தா; அடையாளம் வச்சிக்கிட்டான். ஐப்பசியில கோவத்தோட வந்தா, ஆனா அதே சேல; பிடிச்சி வெளிய தள்ளிட்டான். அப்புறம் பதினோரு வருசம். நூலு நூலா சேலய மாத்திக்கிட்டே இருந்திருக்கா. அம்மைக்காரி அப்பிடி இல்ல. அவளுக்கு ஒரே சேலதான், சாவுற வரைக்கும்."

சீவரத்தினம் ஏட்டைப் பார்த்தார். அதில் இவ்வளவு இல்லை.

இருவரும் சொன்னது ஏறத்தாழ சரி என்று உலகத்துக்குத் தெரிய இன்னும் பல வருஷம் ஆயிற்று. இந்தக் கிருமி தன்னைப் பிரதி எடுக்கும்போது அவசரத் தையற்காரனைப் போலத் தப்புச் செய்யும். சரிபார்க்கிற பழக்கம் அதற்குக் கிடையாது. பெரும்பாலான தப்புகள் அதையே கொல்லும். ஏதோ ஒன்று, மேல்சட்டையின் வடிவத்தை நம் உடம்பின் காவலுக்குத் தெரியாதபடி கொஞ்சம் மாற்றிவிடும். அதனால்தான் சில வருஷத்துக்கு ஒருமுறை ஊரளவில் காய்ச்சல். எப்போதாவது ஒருமுறை, பறவையின் கிருமியும் மனிதனின் கிருமியும் பன்றி போன்ற ஓர் உடம்பில் ஒன்றாகத் தங்க நேர்ந்து, துணியையே மாற்றிக்கொள்ளும். அல்லது பறவையின் கிருமியே மனிதனோடு வாழப் பழகிவிடும். அப்போது வருவது அந்தப் பழைய பெண்ணே அல்ல, யாருமே பார்த்திராத ஒருத்தி. உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் படுக்கும். பதினெட்டில் வந்தவள் அப்படிப்பட்டவள். ஜூலையில் சாதுவாக வந்தவள் அக்டோபரில் ஏன் அவ்வளவு கோபமாக வந்தாள் என்பது மட்டும் இன்றைக்கும் முழுதாகத் தெரியாது. மாரியாயியின் தவறு வேறொன்றுமில்லை. ஒருமுறை சரியாக இருந்ததை எப்போதும் சரி என்று எடுத்துக்கொண்டாள். படித்தவர்கள் இதை இன்னும் அதிகமாகச் செய்கிறார்கள்.

அந்தப் பேச்சு நடந்த மூன்றாம் வாரம், இராஜம்மா மறுபடி ஓடிவந்தாள். கடைசி லயத்தில் புதிதாகக் குடிவந்த தம்பதி, இரண்டு பேரும் காய்ச்சலில் கிடக்கிறார்கள், தண்ணீர் மொண்டு கொடுக்க ஆளில்லை.

"நீங்க வாங்கக்கா. உங்களுக்குத்தான் வராதே."

மாரியாயி பேசாமல் எழுந்து வாளியைத் தேடினாள். புஷ்பவல்லி பொத்தானையும் ஊசியையும் கீழே வைத்தாள். பதினெட்டிலும் இருபத்தொன்பதிலும் அவளிடம் யாரும் கேட்கவில்லை. இந்த முறை அவளே கேட்டாள்.

"வராதுன்னு சொல்லு. நானும் வரேன்."

தாய் திரும்பினாள். அடித்துச் சொல்ல நாக்கு பழகிய சொல்தான். வாய்வரை வந்திருக்கவும் கூடும்.

"வரும்," என்றாள் மாரியாயி. "நீ இரு."

"உனக்கு?"

"எனக்குந்தான் வரும்."

"அப்ப எதுக்குப் போற?"

"அங்க தண்ணி குடுக்க ஆளில்லையே. அதுவுமில்லாம, இந்தத் தபா அவ என்னா கட்டிக்கிட்டு வந்திருக்கான்னு பாக்க வேணாமா?"

புஷ்பவல்லி தாயைப் பார்த்தாள். மழை வராது என்றால் பார்க்கிற பார்வை இல்லை அது. வாசு வெள்ளைத் துணியில் இரண்டு முழம் கிழித்து, மடித்து, மாமியாரின் மூக்கையும் வாயையும் மூடிப் பின்னால் முடிச்சுப் போட்டான். அளவு சரியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான்.

வராது என்று நம்பி வடிகாலில் இறங்கியவளைத் துணிச்சல்காரி என்று ஊர் பதினாறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. வரும் என்று தெரிந்து கடைசி லயத்துக்கு நடந்ததை யாரும் கவனிக்கவில்லை. இராஜம்மாகூட, துணி எதற்கு என்றுதான் கேட்டாள்.

கடைசி வீட்டில் அந்தப் பெண் சுவரோரம் சுருண்டிருந்தாள். மாரியாயி ஒரு கை தள்ளி உட்கார்ந்து, குவளையில் தண்ணீர் மொண்டு நீட்டினாள். உதட்டைப் பார்த்தாள், சிவப்பாகத்தான் இருந்தது. பிறகு துணிக்குப் பின்னாலிருந்து, உறவுக்காரியிடம் ஊர் நடப்பு கேட்பது போல ஆசையாக விசாரிக்க ஆரம்பித்தாள்.

"மொதல்ல எங்க வலிச்சுச்சு, கண்ணு? தலையா, முதுகா?"

"தொண்டை," என்றாள் அந்தப் பெண்.

"தொண்டையா!" என்றாள் மாரியாயி, நிமிர்ந்து உட்கார்ந்து.